பத்து வரை எண்ணு

"ஏழு... எட்டு... இடுப்பைத் தூக்கி ஏமாத்தக் கூடாது! ஒன்பது..."

படுக்கையறைக் கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கட்டிலில் படுத்துக் காலை நீட்டியிருக்க வேண்டியது அவன் அம்மா. மூணு மாசமாக மூட்டு வலி. பக்கத்தில் நின்று எண்ண வேண்டியது பிசியோதெரபிஸ்ட் பெண். இங்கேயோ எல்லாம் தலைகீழ். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டோடு கட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள். முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்!

அவன் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஒழுங்கு விஷயத்தில் புலி. மறந்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க ஆபீஸிலிருந்து அவசரமாக வந்தவன், அந்த அவசரத்திலும் லிப்ட் பக்கத்தில் கோணலாகத் தொங்கிய போர்டை நேராக்கிவிட்டுத்தான் மேலே ஏறினான். அவன் வீட்டிலேயே இப்படி ஒரு கூத்து!

"என்ன நடக்குது இங்க?"

அந்தப் பெண் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் "அம்மா!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை போனில் மட்டுமே பேசியிருந்தவர்கள், நேரில் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. நல்ல சந்திப்பு!

"சாரி சார். இன்னிக்கு மட்டும்தான்..."

"பொய் சொல்லாதே கண்ணு," என்றாள் அம்மா. "ஒரு வாரமா நடக்குது."

அம்மா அப்படித்தான். விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசத் தெரியாதவள்.

"ஒரு வாரமா? நல்லா இருக்கும்மா! வைத்தியம் பார்க்க வந்தவங்க காலை நீட்டிப் படுத்துக்கறது, வலிக்காரங்க உட்கார்ந்து சேவகம் பண்றது!"

அவன் போனை எடுத்து கிளினிக் நம்பரை அழுத்தினான். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

"சார், வேணாம் சார். புகார்னு ஒண்ணு போச்சுன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்."

"மேனேஜர்கிட்ட கொடுக்கறேன், லைன்ல இருங்க சார்," என்றது போன்.

"டேய், இங்க பாரு," என்றாள் அம்மா.

கைகளை மார்போடு கட்டிக்கொண்டாள். நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஐந்து தடவை!

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு மாசத்துக்கு முன்னால் பாத்ரூம் போக அவன் தோள் வேண்டியிருந்தது அம்மாவுக்கு.

"எப்பம்மா இது?"

"நீ எங்க பார்த்த? ஒரு வாரமா உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்னு கூப்பிடறேன். சங்கத்துல மீட்டிங், சங்கத்துல மீட்டிங்னு ஓடிடற. துண்டை வச்சு அழுத்து, காலைத் தூக்கு, மெதுவா இறக்குன்னு கெஞ்சிக் கூத்தாடி என்னை எழுப்பி நிறுத்தினது இவதான். எனக்கு நல்லாச்சு, இவளுக்கு முட்டி போச்சு. என் பயிற்சி முழுசா முடிஞ்சப்புறம் பத்து நிமிஷம் நான் இவளுக்கு எண்ணறேன். இதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவனுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தான். சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது.

"இந்த வயசுல முட்டிக்கு என்ன?"

"படிதான் சார். வாரத்துல நாலு நாள், ஏழு மாடி. ஏறும்போதுகூடப் பல்லைக் கடிச்சுக்குவேன். இறங்கும்போதுதான் உயிர் போகுது."

"எந்த ஏழு மாடி?"

"இதே ஏழு மாடிதான் சார்."

"லிப்ட் எதுக்கு இருக்கு? இப்பகூட அதுலதானே நான் வந்தேன்?"

"நீங்க வரலாம் சார். வீட்டு வேலையா வர்ற வெளியாளுங்க படியிலதான் ஏறணும்னு கீழ போர்டு மாட்டியிருக்காங்களே! ஒரு நாள் தெரியாம ஏறிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் பாதியிலயே இறக்கிட்டாரு. பாவம், அவரை என்ன சொல்றது? 'கேமரால பார்த்தா செகரெட்டரி என் சீட்டைக் கிழிச்சுடுவாரும்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."



"ஹலோ, மேனேஜர் பேசறேன்," என்றது போன். "என்ன புகார் சார்?"

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஹலோ? சார்?"

"ஒண்ணுமில்ல," என்று போனை அணைத்தான்.

அம்மா துண்டை உதறி மடிக்க ஆரம்பித்தாள். நாலாக மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

புகார் போகவில்லை என்ற நிம்மதியில் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்:

"யாரும்மா அந்த செகரெட்டரி, நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமான்னு அம்மாகிட்டயே கேட்டேன் சார். அவங்களுக்கும் தெரியலையாம். 'அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியவே தெரியாது கண்ணு'ன்னுட்டாங்க."