பழைய பாஷை பேசிய கணினி

ஆஸ்பத்திரி லேபில் இருந்த பழைய கணினி, ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் பார்க்கும் பொதுக் கோப்புறையில் போடப் போனது. கோப்புறை கதவைத் திறக்கவில்லை.

"கடவுச்சொல் சரிதானே?" என்று கணினி கேட்டது.

"சரிதான். ஆனால் நீ பேசுவது பழைய பாஷை. பாதுகாப்பு இல்லையென்று இனி அதற்கு அனுமதியில்லை," என்றது கோப்புறை.

"அவசரப் பிரிவில் ஒரு குழந்தை இருக்கிறது. அதற்கு எந்த ரத்தம் ஏற்றுவதென்று தெரியாமல் டாக்டர் தவிக்கிறார்."

"புதுப் பாஷை கற்றுக்கொண்டு வா."

"எனக்கு அது வராது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் மாட்டேன்!" என்ற கணினி, பக்கத்திலிருந்த பிரிண்டரை அழைத்தது. "தம்பி, நான் சொல்லச் சொல்ல எழுது."

"சொல்லுங்கண்ணே."

காகிதம் வெளியே வந்ததும் நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

மறுநாள் கணினி மறுபடியும் கதவைத் தட்டியது.

"உன்னை உள்ளே விடமுடியாது என்றேனே!"

"உள்ளே நுழைய வரவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. உன்னிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்."