மாட்டுக்கு வந்த வண்டி

“உன் பொண்டாட்டியை ஏத்தினா, நாளைக்கு மேலத்தெருவுல ஒருத்தன் என் வண்டியில ஏறுவானா? நீயே சொல்லு” என்றார் வேன்காரர்.

கொத்தனார் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். வீட்டில் மனைவிக்குத் தலைப்பிரசவம். காலையில் தொடங்கிய வலி. இப்போது கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டால், எங்கேயோ போயிருக்கிறதாம், வர நேரமாகுமாம்.

ஊரில் இருப்பது இந்த ஒரு வேன்தான். கீழத்தெரு ஜாதிக்காரர்கள் அதில் ஏறக்கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

“உள்ளே வேணாம்ணே. பின்னாடி மூட்டை ஏத்துற இடத்துல படுக்க வெச்சுக்கறோம்.”

“அங்கேயும் மனுஷங்க உட்கார்றாங்கப்பா. சொன்னா புரிஞ்சுக்க.”

அப்போது கொத்தனாரின் அம்மா ஓடி வந்தாள். வேன்காரர் காலில் விழத்தான் வருகிறாள் என்று கொத்தனார் நினைத்தான்.

“ஐயா, வண்டியை எடுங்க. பெரிய வீட்டு மாடு கன்னு போட முடியாம கெடக்குது. டாக்டர்கிட்டே கொண்டு போகலேன்னா செத்துரும்.”

வேன்காரர் துள்ளி எழுந்தார். பெரிய வீட்டுக்காரர் கொத்தனார் வீட்டில் வளர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த மாடு அது. அந்த வீட்டு லோடுதான் வேன்காரருக்குச் சோறு போடுகிறது.

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அம்மா, அவ அங்கே உசுருக்குப் போராடிட்டு இருக்கா. உனக்கு மாடா பெருசு?”

“அவ பொறுத்துக்குவா. மாடு வாயில்லா ஜீவன்டா” என்றாள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமலே.

வேன்காரர் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. “நீங்க ஓடி வாங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார். இருவரும் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் ஓடினார்கள். பெற்ற தாயை வெறுத்துக்கொண்டே ஓடுவது கொத்தனாருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர்கள் போய்ச் சேரும்போது வேன், வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகை வாசலில் ரிவர்ஸில் நின்றிருந்தது. வேன்காரரே வைக்கோலை அள்ளிப் பின்பக்கம் பரப்பிக்கொண்டிருந்தார்.

“மெத்து மெத்துன்னு இருக்கணும். குலுங்கினா தாங்காது, பாவம்” என்றார். பிறகு கொத்தனாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதே. உங்கம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? மருமகளை விட்டுட்டு மாட்டுக்கு வண்டி தேடுறாளே.”

கொத்தனாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா கொட்டகைக்குள் போய் ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து நாலு பொம்பளைகள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கட்டிலில், வீட்டிலிருந்து முன்பே கொட்டகைக்கு மாற்றியிருந்த அவன் மனைவி. கண் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

கொத்தனார் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கை கொடுத்தான். பூப்போல அவளை வைக்கோலில் கிடத்தினார்கள்.

“ஏய், ஏய்! மாடு எங்கே?” என்றார் வேன்காரர்.

மாடு கொட்டகைக்குப் பின்னால் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“என்னம்மா இது? ஏமாத்திட்டியா? இறக்கு, இறக்கு!”

யாரும் இறக்கவில்லை. வேனைச் சுற்றித் தெருவே நின்றது. வைக்கோலில் கிடந்தவள் ஒரு முறை முனகினாள். வேன்காரர் அவளைப் பார்த்தார், மேலத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே. நாளைக்கு அவங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?”

அம்மா வேனில் ஏறி, மருமகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டை ஏத்திட்டுப் போனேன்னு சொல்லு தம்பி. மாடுன்னா உன்னை ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”