லாக்கருக்குள் ஆறு எண்கள்

"உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் பாத்துச் சொல்லு சுசித்ரா!"

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவன் மாதேஷ் கத்தினான்.

"என் போன் கம்பெனி கேட் லாக்கர்ல இருக்குங்க. இது சூப்பர்வைசர் டேபிள் போனு. பாப்பாவுக்கு என்னாச்சு?"

"ஸ்கூல்லயே சுருண்டு விழுந்துட்டா. குடல்வால் வெடிச்சுருமாம், உடனே ஆபரேஷன்ங்கிறாங்க. இன்சூரன்ஸுல உன் நம்பர்தான இருக்கு? ஓடிபி சொன்னாத்தான் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். பத்து நிமிஷந்தான் டைமு!"

ரிசீவரைப் பிடித்தபடியே சுசித்ரா திரும்பினாள்.

"சார், லாக்கரைத் தொறக்கச் சொல்லுங்க."

"ஷிப்டு முடியாம தொறக்க மாட்டாங்கம்மா. போன மாசம் ஒருத்திக்குத் தொறந்துவிட்டு நான் மெமோ வாங்கினேன்" என்றார் சூப்பர்வைசர் குருமூர்த்தி. "உன் வீட்டுக்காரர் நம்பருக்கு மாத்தி அனுப்பச் சொல்லேன்."

"மாத்துறதுக்கும் என் நம்பருக்குத்தான் சார் ஓடிபி வரும்."

அவர் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினார். கடிகாரத்தில் நான்கு நிமிடங்கள் போயிருந்தன.

"அங்க பாரு, உன் இடத்துல எவ்ளோ சேந்துபோச்சு!"

கண்ணாடிக்கு அப்பால், அவள் சோதித்து அனுப்ப வேண்டியவை பெல்ட்டில் தேங்கி நின்றன. இன்னும் கண் விழிக்காத, புத்தம் புதிய நாற்பது செல்போன்கள்.

"சார், என் போனை மட்டும் ஒரே ஒரு தடவை குடுங்க சார்."