அக்காவின் சுளுக்கு

"நல்லா இருக்கும்மா உன் நியாயம்! நீ சோபாவுல சாஞ்சிருப்பே, உடம்பு முடியாத தம்பி மெயின் ரோட்டைத் தாண்டி மருந்துக் கடைக்குப் போகணுமா?"

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. தம்பியின் தொளதொள பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்து எடுத்து வந்தவள், படிக்கட்டில் அவனைப் பார்த்திருந்தாள். கைப்பிடியை இறுகப் பற்றி, படிக்கு ஒரு மூச்சாக இறங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மனச்சிதைவு நோய் என்பது அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"போயிட்டு வந்துடுவான்," என்றாள் அவன் அக்கா, கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் நீட்டியபடி.

"நாற்பது நாளாவா ஒரு சுளுக்கு? என் மெஷினே அதுக்குள்ள ரெண்டு தடவை படுத்து எழுந்துடுச்சு!"

கீழே கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அக்கா துள்ளி எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! உன் கால்..."

"கத்தாதீங்க, அவனுக்குக் கேட்டுடப் போகுது. மாத்திரையில அவன் காதுல கேட்ட குரலெல்லாம் அடங்கிடுச்சு. ஆனா பயமும் சோர்வும்தான் இப்ப அவனை அறைக்குள்ள பூட்டி வெச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். வெளியே போடான்னா போக மாட்டான். எனக்கு முடியலைன்னாதான் எழுந்திருப்பான். முதல்ல கேட் வரைக்கும் போனான். அப்புறம் முனைக்கடை. இன்னிக்குதான் ரோட்டைத் தாண்டறான்."

சாலையோரம் வந்தவன் நின்றான். வந்துவிடுபவன் போலப் பாதி திரும்பினான்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்று தையல்காரம்மா நகர்ந்தாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மறுபடி சாலையைப் பார்த்தான். இறங்கினான். தாண்டிவிட்டான்!

தையல்காரம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

கால்மணி நேரத்தில் படியில் காலடிச் சத்தம். அக்கா ஓடிவந்து சோபாவில் விழுந்து காலை நீட்டினாள்.

வேர்வையில் நனைந்த சட்டையோடு வந்தவன் மருந்துப் பையை நீட்டினான். "நெஞ்சு அடிச்ச அடி இருக்கே! நாலு தடவை திரும்பிடலாம்னு தோணுச்சு. திரும்பலை."

பிறகு அவள் காலிலிருந்த கட்டைப் பார்த்தான்.

"நேத்து இடது கால்ல இருந்துச்சேக்கா?"

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். தையல்காரம்மா ஏற்கெனவே மடித்திருந்த பேன்ட்டை உதறி மறுபடி மடித்தாள்.

"எப்போடா கண்டுபிடிச்சே?"

"முதல் வாரமே."

"தெரிஞ்சுமா போனே?"

"எனக்கும் போறதுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு." அவன் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"இது இனிமே வேண்டாம்க்கா. நாளைக்கு உன் கால் நல்லா இருந்தாலும் நான் போவேன்."