மூன்று கால் சோபா

"கோட்டு கசங்காம உக்காரு மாப்ள. காலையில அது ஓட்டலுக்குத் திரும்பப் போகணும்" என்று அதட்டினான் மொட்டை.

கோட்டு, யாரோ ஒரு ஓட்டல் விருந்தாளி சலவைக்குப் போட்டது. காலரில் குத்தியிருந்த நம்பர் சீட்டை உள்பக்கம் மடித்துவிட்டிருந்தார்கள். சோபாவும் ஓட்டல்காரன் தூக்கிப் போட்டதுதான். ஒரு கால் கிடையாது, சோப்புத்தூள் டப்பா முட்டுக் கொடுத்தது. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அந்த மூலைக்கு, சலவைக்கூடத்தில் வேலை செய்யும் இவர்கள் வைத்திருந்த பேர் பங்களா. மீதி அறையில் எட்டுக் கட்டிலும் காயாத துணி நாற்றமும்தான்.

ஊரில் ராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே, இந்தக் குளிர் நாட்டில், மாலை ஆறரை. ஏழரைக்கு அடுத்த ஷிஃப்ட். அதற்குள் ஏழு பேரும் முறை வைத்துக் கோட்டை மாட்டி, பங்களாவில் உட்கார்ந்து ஃபோன் வீடியோவில் வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி நாலு வருஷம் ஓடிவிட்டது. பதினைந்தாம் நாளே விமானம் ஏறியவன் என்பதால் அந்தப் பேர் மட்டும் போகவே இல்லை. அவன் பெண்டாட்டியிடம் சிரித்துச் சிரித்துப் பேசி முடித்துக் கோட்டைக் கழற்றினான். மொட்டை அதை இஸ்திரியிடம் நீட்டினான்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவன் என்பதால் அவன் இஸ்திரி. காலியாகக் கிடந்த மேல் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தான். அதில் படுத்திருந்தவரை, இருமல் நிற்கவில்லை என்று போன வாரம் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைக்குப் புது ஆள் வருகிறானாம். கூட்டிவர சூப்பர்வைசர் வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"எந்த மகராசி பெத்த புள்ளையோ, இங்க வந்து விழப் போகுது" என்று தலையணையைத் தட்டிப் போட்டான் இஸ்திரி. "எனக்குக் கோட்டு வேணாம்டா. இன்னைக்கு வீட்ல உண்மையச் சொல்லிடப் போறேன்."

"நல்ல நாளும் அதுவுமா ஏன்டா இப்படி?"

"தம்பி ஏஜென்ட் பின்னாடி அலையிறான். இதே லாண்டரிக்கு. அடுத்த மாசம் விசா வந்துருமாம். வந்து இறங்கினதும் பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரிக்குள்ள போயிடும். என்னோடது மூணு வருஷமா உள்ளதான் கிடக்கு. நான் மாட்டினது போதும்டா. அவனாவது தப்பிக்கட்டும்."

மொட்டை கோட்டை ஆணியில் மாட்டினான். இஸ்திரியின் பக்கத்துத் தெருக்காரன் அவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தச் சோபாவில் உட்கார்ந்து அவன் எடுத்து அனுப்பிய ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் இஸ்திரியே கிளம்பி வந்தான்.

இஸ்திரி தன் கட்டிலிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினான்.

"ஹாப்பி நியூ இயர்ப்பா" என்று அம்மா முகம் திரை முழுக்க வந்தது. "ஏன் இருட்டா இருக்கு? சோபா எங்க?"

"தம்பி எங்கம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "கூட்டாளிங்களோட வெளிய போயிருக்கான்."

"அவன அனுப்பாதீங்கம்மா. உங்க கால்ல விழுறேன்." ஃபோனைச் சுற்றிக் காட்டினான். கட்டில்கள், கயிற்றில் தொங்கும் பனியன்கள், கடைசியில் நீராவியில் வெந்து கறுத்த தன் முன்கை. "இதாம்மா நான் இருக்கிற வீடு. அந்தக் கோட்டு எவனோடதோ. சோபா குப்பையில கிடந்தது. பதினாறு மணி நேரம் நிக்கிறேன். விட்டா இப்பவே ஓடி வந்துருவேன்."

"ஐயோ, என்னங்க, அவன் கையைப் பாருங்களேன்" என்று அம்மா தொடங்குவதற்குள் அப்பா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"போன வருஷம் கோட்டு சூட்டோட கால் மேல கால் போட்டு உக்காந்தியே, அன்னைக்கு இதெல்லாம் எங்க போச்சு? அந்தப் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன்டா. தம்பி தலையெடுக்கிற நேரம் பார்த்து உன் வீடு இருண்டு போச்சா?"

"சத்தியமாப்பா..."

"நீ இப்படிக் குறுக்க விழுவேன்னு எனக்குத் தெரியும். உன்கிட்ட எதையும் சொல்ல வேணாம்னு அவன் சொன்னதும் நல்லதாப் போச்சு. கூடப் பொறந்தவன் நல்லா இருக்கிறது பொறுக்கலையே உனக்கு."

அத்தோடு வைத்துவிட்டார்.

இஸ்திரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு தம்பி நம்பருக்கு அடித்தான். சுவிட்ச் ஆஃப். திரும்ப அடித்தான். சுவிட்ச் ஆஃப்.

"சார்ஜ் போயிருக்கும்டா" என்றான் மொட்டை. "இன்னும் ஒரு மாசம் இருக்கில்ல? நாளைக்கு அவன்கிட்டயே பேசு."

"ஆமாடா. அப்பா நம்பலைன்னா போகட்டும். சின்ன வயசுலேர்ந்து நான் ஒண்ணு சொன்னா அவன் தட்டவே மாட்டான்." சொன்னதும் இஸ்திரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வெளியே வேன் வந்து நின்றது. சூப்பர்வைசர் கதவைத் தள்ளி, "புது ஆளு. மேல் கட்டிலக் குடுங்க. ஏழரைக்கு எல்லாரோடயும் வந்து நிக்கணும்" என்றார். கையிலிருந்த பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவனின் பையை வாங்கக் கை நீட்டினான்.

"ஹாப்பி நியூ இயர்ண்ணா" என்று அவனைக் கட்டிக்கொண்டான் தம்பி. "விசா முன்னாடியே வந்துடுச்சு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல வந்தேன். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்தக் கோட்டக் குடு, சோபாவுல வெச்சு ஒரு போட்டோ எடுண்ணா, அப்பா காத்துக்கிட்டிருக்காரு."