ஈயடிச்சான் காப்பி

மொட்டைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்திருந்தது. அதைத் தன் வகுப்பின் வெற்றி என்றே ஏழாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் கடிதம் அவரைப் பற்றியது.

'படிக்க ஒரு பீரியட், எழுத ஒரு பீரியட், மிஸ் தூங்கத் தனியாக ஒரு பீரியட்' என்பது அதன் சாரம். எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை.

வாசிப்புப் பட்டறை, எழுத்துப் பட்டறை இரண்டையும் அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் ஒரு பையும் வாங்கி வந்திருந்தார். வாசிப்புப் பட்டறையில் பிள்ளைகள் மௌனமாகப் படிப்பார்கள். ஆசிரியை மௌனமாக மேற்பார்வை பார்ப்பார். அதற்குக் கண்கள் திறந்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

"உங்க வேலையை நிரந்தரம் பண்ற ஆர்டர் வந்திருக்கு. கூடவே இதுவும் வந்திருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. "இது பொய்னா, எழுதினது யாருன்னு காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"வெறும் விஷமம் மேடம். சாயங்காலத்துக்குள்ள பிடிச்சுத் தர்றேன்."

"ஒரே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு, கவனிச்சீங்களா? எழுதின ஆள் அதே தப்பைத் திரும்பப் பண்ணும்."

ஆசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எடுத்ததுமே கண்ணுல பட்டுது மேடம்" என்றார்.

யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். 'டவுட்டு' என்றால்தான் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். "பட்டறைன்னா சுத்தியல் எங்க மிஸ்?" என்று முதல் நாளே கேட்டவள்.

கடைசி பீரியடில் டிக்டேஷன். கடிதத்தில் இருந்த சொற்களையெல்லாம் ஒரு சாதுவான பத்திக்குள் ஒளித்துவைத்திருந்தார் ஆசிரியை. எல்லாம் எளிய சொற்கள். பட்டறையில் பத்துப் பத்து முறை எழுதிப் பழகியவை.

"மிஸ், இது வாசிப்புப் பட்டறையா, எழுத்துப் பட்டறையா?" என்றாள் டவுட்டு.

"வாயை மூடிட்டு எழுதற பட்டறை."

முப்பத்தெட்டுத் தாள்கள். அந்த வருடத்தில் முதல் முறையாக ஆசிரியை ஒரு வரி விடாமல் படித்தார். டிக், டிக், டிக். டவுட்டின் தாளில் பேனா நின்றது. ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்.

"மாட்டிக்கிட்டா மேடம்!" தாள்களைத் தலைமை ஆசிரியையின் மேஜையில் வைத்தார். "முப்பத்தேழு பேர் தப்பே இல்லாம எழுதியிருக்காங்க. இவ மட்டும்தான் தப்பு. ஒரே ஒரு வார்த்தை. டி.சி.யைக் கையில குடுத்து அனுப்பிடலாம்."

தலைமை ஆசிரியை டவுட்டின் தாளைப் பார்த்தார். வட்டத்துக்குள் 'செபரேட்' என்ற சொல் இருந்தது. கடிதத்தைப் பார்த்தார். பிறகு மற்ற தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதற்கு வெகுநேரம் ஆனது.

"இந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நானேதான் மேடம். போர்டுல எழுதிப் போட்டு, எல்லாரையும் பத்துத் தடவை எழுத வச்சேன். அன்னைக்கும் இவ ஒருத்திக்குத்தான் டவுட்டு."

அந்தச் சொல்லில் 'பி'க்கு அடுத்து வரவேண்டிய 'ஏ'யை டவுட்டு மட்டுமே போட்டிருந்தாள். மற்ற முப்பத்தேழு தாள்களிலும், மொட்டைக் கடிதத்தில் இருந்த அதே 'ஈ', ஆசிரியையின் சிவப்பு டிக்குக்குக் கீழே சுகமாக உட்கார்ந்திருந்தது.