ஒரு நிமிட மௌனம்

அமெரிக்காவின் கோல்டர்வில் நகரில் ஓட்டுநரில்லாத பேருந்துக்கு வரலாற்றுப் பற்று அதிகம். மூடிய நிறுவனம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தாமல் அது நகராது. மாநகர சபை ஏகமனதாக எடுத்த முடிவு.

டயர் தொழிற்சாலை, பியானோ கம்பெனி, ஆம்புலன்ஸ் நிலையம் என்று ஒன்பது அஞ்சலிகள் முடிந்தன. பேருந்துக்குள் பிரசவ வலியில் தமயந்தி கணவன் குலசேகரனின் கையை நெரித்தாள்.

"ஏங்க, இந்த ஊர்ல உசுரோட எதுவுமே இல்லியா?"

"பல்லைக் கடிச்சுக்கோ தமா. அடுத்தது ஆஸ்பத்திரிதான்."

பேருந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"பயணிகளே, நேற்று மாலை வரை இங்கே நம் பெருமைமிகு மருத்துவமனை இயங்கியது" என்றது பேருந்து, தழுதழுத்த குரலில்.

தமயந்தி அலறினாள்.

"மௌனம் கலைந்துவிட்டது. நிமிடத்தை முதலிலிருந்து தொடங்குவோம்."